பூட்டானுக்குக் கிளம்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமயமலையின் கிழக்குப் பகுதியில், வடக்கே திபெத்தும் மற்ற மூன்று பக்கம் இந்தியாவும் சூழ்ந்திருக்கும் நாடு பூட்டான். பரப்பளவில் ஏறத்தாழ கேரளம் அளவுதான்; மக்கள்தொகை எட்டு லட்சத்துக்கும் குறைவு. அங்கே போய்வர நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். 2022-க்குப் பிறகு கட்டண விதிகள் பலமுறை மாறிவிட்டன. அதனால் தொகைகளை மட்டும், கிளம்பும் மாதத்தில் பூட்டான் சுற்றுலாத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் இருந்தால் பூட்டானைப் பார்த்து முடிக்கலாம்?

பார்த்து முடிக்க முடியாது. முதலில் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். திம்பு, புனாகா, பாரோ என்று மூன்று ஊர்களை ஐந்து இரவுகளில் சுற்றிக் காட்டும் பேக்கேஜ்தான் அதிகம் விற்கிறது. அதில் போனவர்கள் பாதி நேரம் காரிலும் மீதி நேரம் பெட்டி கட்டி அவிழ்ப்பதிலும் கழித்துவிட்டு வருகிறார்கள். வரைபடத்தில் எழுபது, எண்பது கிலோமீட்டர் என்று தெரியும் தூரம், மலைச்சாலையில் இரண்டரை மூன்று மணி நேரம் பிடிக்கும். சராசரியாக மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் ஏமாற மாட்டீர்கள்.

என் யோசனை ஒன்றுதான்: ஊர்களைக் குறையுங்கள், இரவுகளைக் கூட்டுங்கள். திம்புவில் 2, புனாகாவில் 2, போப்ஜிகாவில் 2, பாரோவில் 3 என்று ஒன்பது இரவுகள் இருந்தால் நிதானமான பயணம். ஏழு இரவுகள்தான் லீவு கிடைக்கும் என்றால் திம்புவில் ஒன்றைக் குறைத்து, பாரோவில் ஒன்றைக் குறையுங்கள். ஐந்துதான் என்றால் பாரோவும் புனாகாவும் போதும். திம்புவை வழியில் அரைநாள் நின்று பார்த்துவிடலாம். எப்படிக் குறைத்தாலும் ஏதாவது ஓர் ஊரிலாவது இரண்டு இரவு தொடர்ந்து தங்குங்கள். காலையில் எழுந்து எங்கும் கிளம்ப வேண்டியதில்லை என்ற நாள் ஒன்று இல்லாமல் இந்த நாட்டுக்குப் போய் வருவதில் அர்த்தமில்லை.

பாஸ்போர்ட் வேண்டுமா? விசா?

இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. நுழைவு அனுமதி வேண்டும். அதற்கு இரண்டில் ஒன்று கையில் இருக்க வேண்டும்: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது வாக்காளர் அடையாள அட்டை. ஆதார் செல்லாது. பான் கார்டும் ஓட்டுநர் உரிமமும் செல்லாது. எல்லை வரை போய், ஆதாரை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் வீட்டில் ஒவ்வொருவருடைய அட்டையையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். வாக்காளர் அட்டையில் பெயரோ பிறந்த தேதியோ தவறாக இருந்தால் திருத்த நாளாகும்.

அனுமதிக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தங்கும் இடமும் பயணத் தேதிகளும் முடிவாகியிருக்க வேண்டும். பூட்டானில் உள்ள பயண நிறுவனம் மூலம் போனால் அவர்களே எடுத்துத் தந்துவிடுவார்கள். தரைவழியில் போனால் வரும் எல்லை ஊரான புன்ஷோலிங்கில் நேரில் வாங்குவதும் உண்டு. ஆனால் பண்டிகைக் காலத்தில் அங்கே வரிசையில் நிற்க ஒரு காலைப்பொழுது போய்விடும்.

குழந்தைகளுக்கு?

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ். சான்றிதழ் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் இப்போது தருவதில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். பழையது தமிழில் மட்டும் இருந்தால் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். பள்ளி அடையாள அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பெற்றோர் உடன் வருவதுதான் சிக்கலில்லாத வழி.

தினமும் ஏதோ கட்டணம் கட்ட வேண்டுமாமே?

ஆம். நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்பது அதன் பெயர்; பயண ஏஜென்ட்டுகள் எஸ்டிஎஃப் என்று சொல்வார்கள். இந்தியர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதிக் கட்டணம், அதற்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இல்லை. கணவன், மனைவி, எட்டு வயதுப் பிள்ளை மூவரும் ஒன்பது இரவுகள் தங்கினால் 10,800 + 10,800 + 5,400, ஆக 27,000 ரூபாய். அறை, சாப்பாடு, வண்டி எல்லாம் இதற்கு மேல்.

இது அநியாயம் என்று பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1974-ல் நான்காம் மன்னரின் முடிசூட்டு விழாவை ஒட்டித்தான் பூட்டான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. குறைந்த பேர் வரட்டும், வருபவர்கள் கூடுதலாகச் செலவிடட்டும் என்பதே அன்று முதல் அவர்கள் கொள்கை. நாட்டின் நிலத்தில் 60 சதவீதமாவது காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் மலை ஊர்களில் மே மாதத்தில் கார்கள் நகராமல் நிற்பதையும் ஓடைகளில் பிளாஸ்டிக் அடைந்து கிடப்பதையும் பார்த்த யாருக்கும் இந்தக் கட்டணத்தின் நியாயம் புரியும். இந்தியர்களுக்கு 2020 வரை இது கிடையாது; அந்த ஆண்டு சட்டம் கொண்டுவந்து, பெருந்தொற்று முடிந்து 2022 செப்டம்பரில் எல்லை திறந்தபோது நடைமுறைக்கு வந்தது.

ஒன்று மட்டும் சொல்வேன். இரவுக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடுகிறதே என்ற பதற்றத்தில் நாள்களை வெட்டாதீர்கள். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் விடுதியின் தரத்தில் பிடியுங்கள். குடும்பம் நடத்தும் சிறு விடுதிகளும், விருந்தினரை வீட்டிலேயே தங்கவைக்கும் பண்ணை வீடுகளும் செலவு குறைந்தவை. பல சமயம் நட்சத்திர விடுதியைவிட மனதுக்கு நிறைவானவையும் அவைதான்.

என்னிடம் இருப்பது இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட். எனக்கும் இதே விதியா?

இல்லை. விசா எடுக்க வேண்டும். கட்டணம் ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர். 200 டாலராக இருந்ததை 2023 செப்டம்பரில் பாதியாகக் குறைத்தார்கள். இந்தச் சலுகை 2027 ஆகஸ்ட் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்களும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுக்காரராகத்தான் கணக்கு. குடும்பத்தில் பாதிப் பேர் இந்தியப் பாஸ்போர்ட், பாதிப் பேர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் செலவைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது?

இரண்டு வழிகள். ஒன்று, பாரோவுக்கு விமானம். நாட்டுக்கு வெளியிலிருந்து விமானம் வந்து இறங்கும் முக்கிய நிலையம் அதுதான். ட்ரூக் ஏர், பூட்டான் ஏர்லைன்ஸ் இரண்டும் டெல்லி, கொல்கத்தா போன்ற ஊர்களிலிருந்து பறக்கின்றன. சென்னையிலிருந்து கொல்கத்தா போய் மாறுவது வசதி.

இரண்டாவது, தரைவழி. விமானத்தில் பாக்டோக்ரா, அல்லது ரயிலில் நியூ ஜல்பைகுரி வரை போய், அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களும் காடுகளும் நிறைந்த டூவர்ஸ் வழியாக நாலைந்து மணி நேரம் காரில் போனால் ஜெய்காவ். அது இந்திய ஊர். அதை ஒட்டி, ஒரு வாசல்வளைவு தாண்டினால் புன்ஷோலிங். வாசலுக்கு இந்தப் பக்கம் ஹாரன் சத்தமும் நெரிசலும். அந்தப் பக்கம் அமைதியும் சுத்தமும். அந்த மாற்றத்தைக் காலால் நடந்து அனுபவிக்க வேண்டும் என்பதற்காகவே நான் தரைவழியைச் சிபாரிசு செய்வேன். ரயிலில் இன்னும் பக்கத்தில் இறங்க வேண்டுமானால் ஹாசிமாரா; அங்கிருந்து எல்லை இருபது கிலோமீட்டருக்குள்தான். கொல்கத்தா சியால்டாவிலிருந்து வரும் காஞ்சன் கன்யா எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கும். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக்காரர்களுக்குக் கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் நியூ ஜல்பைகுரி வரை ஒரே ரயில். ஆனால் இரண்டு இரவுக்கு மேல் ரயிலில் கழியும். பெரியவர்கள் உடன் வந்தால் யோசியுங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டையும் கலப்பது: போகும்போது சாலை, திரும்பும்போது பாரோவிலிருந்து விமானம். கொஞ்சம் கொஞ்சமாக உயரம் ஏறுவதால் உடம்பு பழகிக்கொள்ளும். விமானச் செலவும் பாதியாகிவிடும்.

பாரோவில் விமானம் இறங்குவது பயங்கரமாக இருக்குமாமே?

சுற்றிலும் மலைகள், நடுவே 2,235 மீட்டர் உயரத்தில் ஓடுதளம். கண்ணால் பார்த்தே இறக்க வேண்டும் என்பதால் பகலில் மட்டும்தான் விமானங்கள். கடைசி நிமிடங்களில் விமானம் பள்ளத்தாக்குக்குள் சாய்ந்து சாய்ந்து திரும்பும். ஜன்னலுக்கு நேரே மலைச்சரிவில் வீடுகள் தெரியும். தனிப் பயிற்சி பெற்ற விமானிகளுக்கே அங்கே இறக்க அனுமதி. அதனால் பயப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு: மேகம் மூடினால் விமானம் தாமதமாகும், ரத்தும் ஆகும். ஆகவே பாரோவிலிருந்து வந்து இறங்கும் அதே நாளில் சென்னைக்குத் தனி டிக்கெட் போடாதீர்கள். டெல்லியிலிருந்து போகிறவர்கள் இடப்பக்க ஜன்னல் இருக்கை கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட் உட்பட பனிமலை வரிசை முழுவதும் அந்தப் பக்கம்தான்.

வழிகாட்டி கட்டாயமா? சொந்தக் காரில் போகலாமா?

இந்தியர்கள் பாரோ, திம்பு இரண்டையும் வழிகாட்டி இல்லாமல் சுற்றலாம். அவற்றைத் தாண்டிப் போனால் உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும் என்பது 2022-க்குப் பிந்தைய விதி. புனாகா போகும் வழியில் ஹோங்சோ சோதனைச் சாவடியில் காகிதங்களைப் பார்ப்பார்கள்.

கட்டாயம் இல்லையென்றாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கோயில் சுவரில் இருக்கும் ஓவியத்தில் யார் யார் என்று சொல்ல ஆளில்லாமல் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். வழிகாட்டியையும் ஓட்டுநரையும் வேறு மேசையில் உட்காரவைக்காமல் கூடவே உட்காரச் சொல்லிச் சாப்பிடுங்கள். நாலைந்து நாள் ஒன்றாகப் பயணம் செய்பவர்கள் அவர்கள். அவர்கள் ஊர், படிப்பு, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தம்பி தங்கை பற்றியெல்லாம் பேச்சு வரும்போதுதான் அந்த நாடு உங்களுக்குப் பிடிபடத் தொடங்கும்.

இந்திய வண்டியைக் கொண்டுபோக அனுமதி உண்டு, ஆனால் நாளொன்றுக்கு 4,500 ரூபாய் தனிக் கட்டணம். எல்லையில் விட்டுவிட்டு பூட்டான் வண்டி எடுப்பதே மேல். அந்த வளைவுகளும் மழைக்காலச் சரிவுகளும் அந்த ஊர் ஓட்டுநருக்குத்தான் பழக்கம்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

அக்டோபர், நவம்பர். மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும். பனிமலைகள் தெளிவாகத் தெரியும். அடுத்தது மார்ச் பாதியிலிருந்து மே வரை; மலைப்பாதைகளில் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், புனாகாவில் ஜகரண்டா மரங்கள் ஊதாவாக நிற்கும். மலை மட்டும் அடிக்கடி மூட்டமாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பருவமழை, நிலச்சரிவு. முதல்முறை போகிறவர்கள் தவிர்க்கலாம். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே என்பதால் பெரும்பாலோர் அப்போதுதான் போக முடியும். அதில் குறையொன்றுமில்லை, ஏப்ரலிலேயே போய்விட்டு வாருங்கள்.

டிசம்பர், ஜனவரியைப் பலர் ஒதுக்குகிறார்கள். இரவில் திம்புவிலும் பாரோவிலும் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பது உண்மை. ஆனால் பகல் வெயில் இதமானது, கூட்டமில்லை, வானம் தெளிவு. புனாகா அப்போதும் மிதமாகவே இருக்கும். அதனால்தான் தலைமை மடாதிபதியும் துறவியர் கூட்டமும் குளிர்காலத்தில் திம்புவை விட்டுப் புனாகா ஜோங்குக்கு, அதாவது கோட்டையும் மடமும் சேர்ந்த கட்டடத்துக்கு, குடிபெயர்கிறார்கள்.

திருவிழாவுக்காகப் போவதானால் பாரோ சேச்சு வசந்தத்திலும் திம்பு சேச்சு இலையுதிர்காலத்திலும் வரும். தேதிகள் அவர்கள் நாள்காட்டிப்படி ஆண்டுதோறும் மாறும். பாரோ விழாவின் கடைசி நாள் விடியற்காலையில், கட்டடத்தின் உயரத்துக்குத் தைத்த பிரம்மாண்டமான துணி ஓவியத்தை விரிப்பார்கள். வெயில் படும் முன் சுருட்டிவிடுவார்கள். அதற்காக இருட்டிலேயே எழுந்து போவது வீண்போகாது.

உயரத்தால் மூச்சுத் திணறல் வருமா?

ஊட்டி 2,240 மீட்டர். பாரோவும் அதே உயரம்தான். திம்பு அதைவிடச் சற்றே அதிகம், 2,300 மீட்டருக்கு மேல். புனாகா 1,200-ஐ ஒட்டியது. தங்கும் ஊர்களில் போப்ஜிகா மட்டும் 3,000 மீட்டரை நெருங்கும். ஊட்டியில் நன்றாக நடமாடுகிறவருக்கு இங்கே பெரிய தொல்லை வராது. கணவாய்களில் உயரம் கூடும்: தோச்சுலா 3,100 மீட்டர், பாரோவுக்கும் ஹா பள்ளத்தாக்குக்கும் நடுவிலுள்ள செலே லா 3,800-க்கும் மேல். அங்கே இறங்கி ஓடாதீர்கள், மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இதய, நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

உண்மையில் பெரும்பாலோரைப் படுத்துவது உயரத்தைவிட வளைவுகள்தான். கார் வாந்தி வரும் சுபாவம் இருந்தால் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், முன் இருக்கையில் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

தக்சாங் மடத்துக்கு அறுபது வயதுக்கு மேற்பட்ட அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

புலிக்கூடு என்று உலகம் அறிந்த மடம் இது. பாரோ பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே, 3,120 மீட்டர் உயரத்தில் செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில், பூட்டானில் பௌத்தத்தைப் பரப்பிய குரு ரின்போச்சே பெண்புலி மேல் பறந்துவந்து இந்தக் குகையில் தவம் செய்தார் என்பது நம்பிக்கை. கோயில் கட்டியது 1692-ல். 1998-ல் தீயில் பெரும்பகுதி அழிந்து, பழைய வடிவிலேயே மறுபடி கட்டி 2005-ல் திறந்தார்கள்.

ஏற இரண்டரை மூன்று மணி நேரம், இறங்க இரண்டு. பாதை அகலமானது, பைன் மரங்களுக்கு நடுவே போகிறது. திறமை எதுவும் வேண்டாம், மூச்சும் முழங்காலும் போதும். பாதித் தூரத்தில் ஒரு சிற்றுண்டிச் சாலை உண்டு. அதுவரை குதிரையில் ஏறலாம், இறங்க முடியாது. அந்த இடத்திலிருந்தே மடம் எதிரே முழுதாகத் தெரியும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்தபடி பார்த்துவிட்டு இறங்கினால் அதுவே நிறைவு. அதற்கு மேல் போனால் கடைசியில் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, ஓர் அருவியைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். திரும்பும்போதும் அதே கதை. நான்கு படி மாடி ஏறினாலே மூட்டைப் பிடித்துக்கொள்பவர்களை வற்புறுத்தாதீர்கள்.

காலை ஏழரைக்குள் ஏறத் தொடங்குங்கள். செல்போன், கேமரா, பை எல்லாம் வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பயணத்தின் கடைசி நாள்களில் இதை வைத்துக்கொண்டால் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும்.

ஏற முடியாதவர்களுக்குப் பாரோவிலேயே கிச்சு லாகாங் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் கோயில். வாசலில் ஊர்ப் பெரியவர்கள் பிரார்த்தனைச் சக்கரத்தைச் சுழற்றியபடி உட்கார்ந்திருப்பார்கள்.

திம்பு, புனாகா, பாரோ எல்லாரும் சொல்கிறார்கள். போப்ஜிகா எதற்கு?

அங்கே பார்க்க வேண்டிய இடங்கள் பட்டியல் கிடையாது. அதற்காகத்தான். பனிப்படுகை செதுக்கிய அகன்ற பள்ளத்தாக்கு, நடுவே சதுப்புநிலம், ஓரத்தில் உருளைக்கிழங்கு வயல்கள், மேட்டில் காங்தே மடம். அக்டோபர் கடைசியில் திபெத் பீடபூமியிலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் இறங்கி வரும். பிப்ரவரி, மார்ச் வரை இருக்கும். பறந்து வரும் கொக்குகள் மின்கம்பியில் மோதிவிடக் கூடாது என்று பள்ளத்தாக்குக்குள் மின்கம்பிகளை மண்ணுக்கு அடியில் புதைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று மடத்து முற்றத்தில் கொக்குத் திருவிழா. பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடம் கட்டி ஆடுவார்கள். காங்தேயிலிருந்து இறங்கும் நடைபாதை இரண்டு மணி நேரம் பிடிக்கும், எளிதானது, பத்து வயதுப் பிள்ளையும் நடக்கும். மாலையில் விறகடுப்பைச் சுற்றி உட்காருவதைத் தவிர வேறு வேலை இருக்காது. பயணத்திலிருந்து ஒரே ஓர் ஊரை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

புனாகா போகும் வழியில் தோச்சுலா கணவாயில் 108 சோர்ட்டன்கள் (பௌத்த ஸ்தூபிகள்) நிற்கும். படம் எடுக்க எல்லோரும் இறங்குவார்கள். அவை எதற்கு என்று கேட்பவர்கள் குறைவு. அசாம் தீவிரவாதக் குழுக்கள் பூட்டான் காடுகளில் முகாம் அமைத்திருந்தன. 2003 டிசம்பரில் நான்காம் மன்னர் தாமே முன்னின்று படை நடத்தி அவற்றை அகற்றினார். அந்த மோதலின் நினைவாக ராணியார் எழுப்பியவை இவை. நம் நாட்டோடு தொடர்புள்ள இடம்; நின்று ஒருமுறை வலம் வாருங்கள்.

புனாகா ஜோங் 1637-ல் கட்டத் தொடங்கியது. நாட்டை ஒன்றுசேர்த்த சப்த்ருங் ஙவாங் நம்கியெல் கட்டியது. அவர் உடல் இன்றும் உள்ளேதான் வைக்கப்பட்டிருக்கிறது. போ சு, மோ சு என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனையில் நிற்கிறது. 1994-ல் மேலே பனியேரி உடைந்து வந்த வெள்ளம் இதையும் தாக்கியது. இன்றைய மன்னரின் திருமணம் 2011-ல் இங்கேதான் நடந்தது. காலை வெயிலில் எதிர்க்கரையிலிருந்து முதலில் பாருங்கள், அப்புறம் உள்ளே போங்கள்.

பும்தாங் வரை போகலாமா?

பும்தாங் நாட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. பன்னிரண்டு நாளுக்கு மேல் இருந்தால் மட்டும் போகலாம். போப்ஜிகாவிலிருந்து ட்ரோங்சா வழியாக ஒரு முழுநாள் பயணம், திரும்பவும் அதே சாலை. பழம்பெருங் கோயில்களான ஜம்பே லாகாங்கும் குர்ஜே லாகாங்கும் அங்கே இருக்கின்றன. பக்தியோடு போகிறவர்களுக்கு அதுதான் பூட்டானின் இதயம். அவசரமாக ஓர் இரவுக்கு மட்டும் போய்வராதீர்கள்.

சைவ சாப்பாடு கிடைக்குமா? பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள்?

தாராளமாகக் கிடைக்கும். எமா தட்ஷி என்பது தேசிய உணவு: பச்சை மிளகாயையே காயாக வைத்து, பாலாடைக்கட்டியில் வேகவைத்தது. நமக்குக் காரம் பழக்கம்தானே என்று ஒரு கரண்டி நிறைய எடுத்துவிடாதீர்கள். அது குழம்பில் கரைந்த காரம் கிடையாது, மிளகாயையே மெல்ல வேண்டும். கேவா தட்ஷி உருளைக்கிழங்கில் செய்வது, ஷாமு தட்ஷி காளானில் செய்வது. இரண்டையும் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். பாரோவில் விளையும் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை, முட்டைக்கோஸ் மோமோ எல்லாம் எங்கும் உண்டு. உப்பும் வெண்ணெயும் போட்ட சுஜா தேநீரை ஒருமுறை குடித்துப் பாருங்கள். தேநீர் என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடித்தால் பிடித்துப்போகும்.

காய்களோடு காய்ந்த மாட்டிறைச்சியோ பன்றிக்கொழுப்போ சேர்த்துச் சமைக்கும் வழக்கம் இருப்பதால், ஒவ்வொரு இடத்திலும் சைவம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பால் பொருளும் சாப்பிடாதவர்களுக்குச் சற்றுச் சிரமம். அவர்கள் நாள்காட்டியின் முதல் மாதமும் நான்காம் மாதமும் புனித மாதங்கள், அப்போது இறைச்சி விற்பனை இருக்காது. மூன்றாம் நாள் புளிப்புக்கு நாக்கு ஏங்கும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டிலும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள்.

பணம் எப்படி?

ஙுல்ட்ரம் என்பது அவர்கள் நாணயம். மதிப்பு நம் ரூபாய்க்குச் சமம், கடைகளில் ரூபாயையே வாங்கிக்கொள்வார்கள். 500 ரூபாய் நோட்டை வாங்கச் சிலர் தயங்குவார்கள், அதனால் 100 ரூபாய் நோட்டுகளாக வைத்திருங்கள். மீதி ஙுல்ட்ரத்தை எல்லை தாண்டும் முன் செலவழித்துவிடுங்கள். யூபிஐ 2021-லிருந்து அங்கே உண்டு. செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே இயக்கிவிட வேண்டும். திம்புவிலும் பாரோவிலும் பயன்படும், போப்ஜிகாவில் ரொக்கம்தான்.

செல்போன்?

பி-மொபைல், தாஷிசெல் என்று இரண்டு நிறுவனங்கள். அடையாள அட்டையைக் காட்டி எல்லையிலோ விமான நிலையத்திலோ சுற்றுலாப் பயணிக்கான சிம் வாங்கலாம். வங்கி ஓடிபி வர இந்திய எண்ணில் ரோமிங்கும் இருக்கட்டும். நேரம் நம்மைவிட அரை மணி முன்னே. விமானத்துக்குப் போகும் நாளில் மறந்துவிடாதீர்கள்.

இந்தி தெரியாது. சமாளிக்க முடியுமா?

கவலையே வேண்டாம். பள்ளிகளில் ஆங்கிலவழிக் கல்வி. இளைஞர்கள் எல்லோரும் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள். வணக்கத்துக்குக் குசுசாங்போ லா, நன்றிக்குக் காத்ரிஞ்சே லா. இந்த இரண்டைச் சொன்னாலே முகம் மலரும்.

கோயில்களில் கவனிக்க வேண்டியது என்ன?

செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவை: முழுக்கை, முழுக்கால் உடை, தொப்பி கூடாது, கருவறைக்குள் படம் எடுக்கக் கூடாது, சோர்ட்டனையும் பிரார்த்தனைச் சக்கரத்தையும் வலமாகவே சுற்ற வேண்டும். 2019-ல் இந்தியாவிலிருந்து போன ஒருவர் தோச்சுலா சோர்ட்டன் மேல் ஏறி நின்று படம் எடுத்தார். அந்த நாடே கொதித்தது. நம் ஊர்க் கோபுரத்தின் மேல் ஒருவர் ஏறி நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தால் ஓரமாக உட்காருங்கள். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள்.

பனிமலை ஏறலாமா?

முடியாது. 1994-ல் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறத் தடை. பின்னர் மலையேற்றம் முழுவதுக்குமே தடை போட்டுவிட்டார்கள். சிகரங்கள் தெய்வங்கள் குடியிருக்கும் இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. 7,570 மீட்டர் உயரமுள்ள காங்கர் புவென்சும் அதனால்தான் இன்றுவரை யார் காலும் படாமல் இருக்கிறது. மலைப்பாதை நடைக்குத் தடையில்லை. பாரோவிலிருந்து திம்பு வரையிலான ட்ரூக் பாத் ஐந்தாறு நாள் நடை. கிழக்கு மேற்காக 403 கிலோமீட்டர் நீளும் பழைய நடைவழியைச் சீர்செய்து 2022-ல் திறந்திருக்கிறார்கள்; அதில் ஒரு பகலுக்கான துண்டை மட்டும் நடக்கவும் வழியுண்டு.

என்ன வாங்கி வரலாம்?

சிவப்பரிசி ஒரு கிலோ, காய்ந்த மிளகாய், எலுமிச்சைப்புல் எண்ணெய், மரப்பட்டையில் கையால் செய்த காகிதம். கைத்தறித் துணி வாங்குவதானால் திம்புவில் நெசவு பார்த்துவிட்டு வாங்குங்கள். பூவேலை நெய்த ஒரு கிராவுக்கு (பெண்கள் உடுத்தும் உடை) மாதக்கணக்கில் உழைப்பு போகிறது, அதனால் விலை அதிகம்தான், பேரம் பேசிக் குறைக்காதீர்கள். திம்பு தபால் நிலையத்தில் உங்கள் படத்தையே போட்டுச் செல்லுபடியாகும் தபால்தலை அச்சிட்டுத் தருவார்கள். அதை ஒட்டி வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பழைய சிலை, பழைய ஓவியம், பூசைப் பொருள் எதையும் யார் விற்றாலும் தொடாதீர்கள். தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். புதிதாகச் செய்ததை வாங்கினாலும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.